சோறில்லாத தட்டு

காரியாபட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் அடுப்பில் ஏறுவது கஞ்சிதான். அரிசிக் கஞ்சி, குதிரைவாலிக் கஞ்சி, கொஞ்சம் தேறியதும் இட்லி, அதற்கடுத்து ரசஞ்சோறு. மாவுச்சத்தைக் கொடுத்துத் தேற்றுவது கரிசல்காட்டுத் தாய்மார்களுக்குக் கைவந்த வைத்தியம். அந்த வீட்டில் போய், "பிள்ளைக்குக் கஞ்சி வேண்டாம், இட்லி வேண்டாம், சோறே வேண்டாம், எண்ணெயும் நெய்யும் முட்டையும் கொடுங்கள், வலிப்பு குறைகிறதா பார்ப்போம்" என்று ஒரு மருத்துவர் சொன்னால், அதை வேடிக்கைப் பேச்சென்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் இது நூறாண்டு பழைய சிகிச்சை. மருந்துக்கு அடங்காத குழந்தை வலிப்புக்கு உலகம் முழுவதும் பெரிய மருத்துவமனைகளில் கொடுக்கப்படுவது. அதை எளிமையாக்கி, எழுதப் படிக்கத் தெரியாத தாயின் கைக்கும் எட்டும்படி செய்ததில் இந்திய மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படியிருந்தும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மாத்திரை மேல் மாத்திரை மாற்றிக்கொண்டிருக்கும் குடும்பங்களில் எத்தனை பேர் இதைக் காதால் கேட்டிருப்பார்கள்? இந்தச் சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது, இந்த வறண்ட சீமையின் அடுப்படிக்கு ஒத்துவருமா என்பதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரை.

எது அடங்காத வலிப்பு?

ஃபிட்ஸ், காக்காய் வலிப்பு, கால்-கை வலிப்பு என்று ஊருக்கு ஒரு பெயர். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது முதல் மந்திரித்துக் கட்டுவது வரை வீட்டுக்கு ஒரு வைத்தியம். நோய் என்னவோ மூளையின் மின்னோட்டத்தில் நேரும் கோளாறுதான். இந்தியாவில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முறையாக மாத்திரை சாப்பிட்டாலே வலிப்பு கட்டுக்குள் வந்துவிடும்.

மீதி மூன்றில் ஒரு பங்குதான் சிக்கல். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று உலக வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010-இல் வரையறுத்தது. இந்த வரையறைக்குப் பின்னால் ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் குவானும் பிராடியும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே 47 விழுக்காட்டினருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்து இன்னும் 13 விழுக்காட்டினருக்கு உதவியது. அதன்பின் எந்த மருந்தை மாற்றினாலும் பலன் சொற்பமே. அப்படியானால் மூன்றாவது, நான்காவது சீட்டை எழுதும்போதே வேறு வழியையும் யோசிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை ஒரு வழி. எல்லாருக்கும் அது பொருந்தாது. இன்னொரு வழி உணவு.

பட்டினியில் தொடங்கிய மருத்துவம்

நம் ஊரில் 'லங்கணம் பரம ஔஷதம்' என்பார்கள். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பதைப் பழைய கிரேக்க மருத்துவர்களும் கவனித்திருந்தார்கள். பாரிஸில் கெல்பா, மரீ என்ற இரு மருத்துவர்கள் 1911-இல் இருபது நோயாளிகளை அப்படி வைத்துப் பார்த்து எழுதினார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹியூ காங்க்ளின் என்பவர் குழந்தைகளை வெறும் தண்ணீரில் வாரக்கணக்கில் வைத்தார். வலிப்பு நின்றது. ஆனால் எத்தனை நாள்தான் ஒரு குழந்தையைப் பட்டினி போட முடியும்?

இந்தக் கேள்விக்கு 1921-இல் விடை சொன்னவர் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர். பட்டினியில் உடல் கொழுப்பை எரித்து கீட்டோன் என்ற பொருளை உண்டாக்குகிறது; மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பைக் கூட்டிக் கொடுத்தால், வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே அதே கீட்டோனை உண்டாக்கலாம் என்றார். கீட்டோஜெனிக் உணவுமுறை என்ற பெயரும் அவர் வைத்ததே. அதே மருத்துவமனையின் பீட்டர்மன் குழந்தைகளுக்கான அளவை வகுத்தார்: உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதம், நாளுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதியெல்லாம் கொழுப்பு. இன்றைக்கும் கணக்கு அதையொட்டித்தான் போடப்படுகிறது.

1938-இல் ஃபெனிடாய்ன் வந்தது. ஒரு மாத்திரையை விழுங்கினால் போதும் என்றான பிறகு தராசும் எண்ணெயுமாக யார் அல்லாடுவார்கள்? உணவுமுறை மெல்ல மறக்கப்பட்டது. மீண்டும் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஒரு தகப்பனின் ஆற்றாமை. ஹாலிவுட் இயக்குநர் ஜிம் ஆபிரகாம்ஸின் மகன் சார்லிக்குப் பல மருந்துகளும் ஓர் அறுவைச் சிகிச்சையும் கைகொடுக்கவில்லை. தகப்பனே நூலகத்தில் தேடிப் படித்து, இந்த உணவுமுறையை விடாமல் வைத்திருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு மகனைக் கொண்டுபோனார். வலிப்பு நின்றது. இதைப் பற்றி முன்பே யாரும் சொல்லவில்லையே என்ற கோபத்தில் 1994-இல் சார்லி அறக்கட்டளையைத் தொடங்கினார்; 1997-இல் மெரில் ஸ்ட்ரீப்பை வைத்துத் தொலைக்காட்சிப் படமும் எடுத்தார். கேட்கும் பெற்றோர் பெருகினர், ஆய்வுகளும் பெருகின.

மூளைக்கு இன்னொரு விறகு

உடல் எடையில் 2 விழுக்காடுதான் மூளை. ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது தின்கிறது. வழக்கமாக அதன் விறகு குளுக்கோஸ். குளுக்கோஸ் வரத்து குறைந்தால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கி அனுப்பும். மூளை அதையும் எரித்துக்கொள்ளும். அப்படி எரிக்கும்போது வலிப்பு ஏன் அடங்குகிறது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. நரம்பணுக்களின் ஆற்றல் இருப்பு கூடுவது, மூளையைச் சாந்தப்படுத்தும் அடினோசின் பெருகுவது, தூண்டும் சமிக்ஞைகள் தணிவது, குடல் நுண்ணுயிர்களின் மாற்றம் எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள்.

ஒரு நோயில் மட்டும் காரணம் பளிச்சென்று தெரிகிறது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் குளுக்கோஸை ஏற்றிவிடும் புரதத்தின் பெயர் குளூட்-1. பிறவியிலேயே அது குறைந்த குழந்தைகளை 1991-இல் டி விவோவும் அவர் குழுவினரும் விவரித்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை இருக்கும், மூளைக்குள் போகாது. கீட்டோன் வேறு வாசல் வழியாக நுழையும். ஆகவே இக்குழந்தைகளுக்கு உணவுதான் முதல் சிகிச்சை. மாத்திரைகள் தோற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குழந்தைப்பருவ இழுப்பு நோய் எனப்படும் வெஸ்ட் நோய்த்தொகுதி, டிராவே, டூஸ் வகை வலிப்புகள் ஆகியவற்றிலும் இதை முன்கூட்டியே யோசிக்கிறார்கள். பிறந்தவுடன் மூச்சுத்திணறியோ சர்க்கரை இறங்கியோ மூளை பாதிக்கப்பட்டு வெஸ்ட் நோய்க்கு ஆளாகும் குழந்தைகள் இந்தியாவில் நிறைய. நமக்கு இது நெருக்கமான விஷயமாவது அதனால்தான்.

சான்றுகள் என்ன சொல்கின்றன?

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனைக் குழுவினர் 2 முதல் 16 வயது வரையிலான 145 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் உடனே உணவுமுறையைத் தொடங்கினார்கள். 2008-இல் வந்த முடிவு: மூன்று மாதத்தில் உணவுப் பிரிவில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, மற்றப் பிரிவில் 6 விழுக்காட்டினருக்கு மட்டுமே.

இந்தியக் கதை இங்கிருந்து சூடு பிடிக்கிறது. ஹாப்கின்ஸில் எரிக் காஸாஃப் குழு 2003-இல் ஓர் எளிய மாற்றத்தை வெளியிட்டிருந்தது. ஒவ்வொரு கவளத்தையும் நிறுக்க வேண்டாம், பட்டினியும் வேண்டாம், மாவுச்சத்தை மட்டும் நாளுக்கு 10 முதல் 20 கிராமுக்குள் கட்டி, கொழுப்பைத் தாராளமாகக் கொடுக்கலாம். மாற்றியமைத்த அட்கின்ஸ் உணவுமுறை என்பது அதன் பெயர். தில்லி எய்ம்ஸில் சுவாசினி சர்மா, ஷெஃபாலி குலாட்டி, உணவியல் நிபுணர் அனுஜா அகர்வாலா முதலியோர் இதை 102 குழந்தைகளிடம் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கு மேல் வலிப்பு குறைந்தவர்கள் உணவுப் பிரிவில் 52 விழுக்காடு, மற்றப் பிரிவில் 11.5. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தவர்கள் 30 விழுக்காடு.

அதன்பின் தில்லியில் நடந்த வேலைதான் காரியாபட்டிக்கு மிகவும் வேண்டியது. எழுத்தறிவு குறைந்த தாய்மாருக்கென்றே இந்த உணவுமுறையை இன்னும் எளிதாக்கினார்கள். கிராமுக்குப் பதில் வீட்டுக் கிண்ணமும் கரண்டியும் அளவாயின. அதையும் குலுக்கல் ஆய்வில் சோதித்து 2016-இல் எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. படிக்காத தாயால் இது முடியாது என்ற வாதம் அந்த ஆய்வோடு விழுந்துவிட்டது.

2020-இல் மற்றொரு எய்ம்ஸ் ஆய்வு மூன்று உணவுமுறைகளை ஒன்றோடொன்று நிறுத்திப் பார்த்தது. 170 குழந்தைகள், 24 வாரங்கள். பழைய கண்டிப்பான கீட்டோஜெனிக் முறையில் வலிப்பு இடைநிலை அளவில் 66 விழுக்காடு குறைந்தது; மாற்றியமைத்த அட்கின்ஸில் 45; இரத்தச் சர்க்கரையை மெல்ல ஏற்றும் உணவுகளை மட்டும் அளவோடு அனுமதிக்கும் மூன்றாவது முறையில் 54. தளர்வான முறைகள் பழைய முறைக்குச் சமம் என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் மூன்றாவது முறையில் பக்கவிளைவுகள் குறைவாக இருந்தன.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காக்ரேன் அமைப்பு 2020-இல் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பலன் இருக்கக்கூடும், ஆனால் சான்றின் உறுதி குறைவு என்றது. 2023-இல் பிரிட்டனில் இரண்டு வயதுக்குட்பட்ட 136 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இன்னொரு மருந்தைச் சேர்ப்பதைவிட உணவுமுறை வலிப்பை அதிகம் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே எல்லாரையும் குணமாக்கும் அதிசயம் என்று இதை விற்க வருபவரை நம்பக் கூடாது. ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பெரிய நிவாரணம், சிலருக்கு முழு விடுதலை, மீதிப் பேருக்குப் பயனில்லை. மருந்துகள் கைவிட்ட பிள்ளையின் வீட்டில் அந்தப் பாதி வாய்ப்பு சின்ன விஷயமல்ல.

தராசும் தட்டும்

15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு நாளுக்கு 1,200 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். பழைய கண்டிப்பான முறையில், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். கணக்குப் போட்டால் நாளுக்கு 120 கிராம் கொழுப்பு, 15 கிராம் புரதம், 15 கிராம் மாவுச்சத்து. 120 கிராம் கொழுப்பு என்பது எட்டு ஒன்பது மேசைக்கரண்டி எண்ணெய். 15 கிராம் மாவுச்சத்தோ இரண்டு இட்லியிலேயே தாண்டிவிடும்.

கரிசலில் விளையும் சிறுதானியங்களைப் பற்றி ஒரு குழப்பம் வரும். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கம்பையும் குதிரைவாலியையும் சொல்லிக் கேட்டவர்கள், வலிப்புக்கும் ஆகும் என்று நினைப்பார்கள். குதிரைவாலியிலும் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். கண்டிப்பான முறையிலும் அட்கின்ஸ் முறையிலும் அதற்கு இடமில்லை. நாளுக்கு 40 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தை அனுமதிக்கும் மூன்றாவது முறையில் மட்டும் கொண்டைக்கடலை, பாசிப்பயறு போன்றவற்றோடு கொஞ்சம் இடம் கிடைக்கலாம். அதுவும் நிபுணர் அளந்து கொடுத்தால்.

அப்படியானால் இந்த ஊரில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. காலையில் தேங்காய் எண்ணெய் தாராளமாக விட்டு இரண்டு முட்டைப் பொரியல். மதியம் உருளைக்கிழங்கு போடாத ஆட்டுக்கறிக் குழம்பு அல்லது பனீர், தேங்காய்த் துருவலும் நல்லெண்ணெயும் சேர்த்த கீரை. சாயங்காலம் ஒரு கைப்பிடிக்குக் குறைவாக வேர்க்கடலை. இரவு நெய்யில் வதக்கிய வெண்டைக்காய், ஒரு முட்டை, ஒரு சிறு கிண்ணம் கெட்டித் தயிர். அட்கின்ஸ் முறையின் 20 கிராம் எல்லைக்குள் இப்படி ஒரு நாள் அடங்கிவிடும். இது ஒரு மாதிரிதான். ஒவ்வொரு குழந்தைக்கும் அளவு வேறு. பேலியோ உணவு பரவிய பின் நெய்யும் பனீரும் தட்டுக்கு வருவது தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. ஆனால் எடை குறைக்கப் பெரியவர்கள் தாமாகச் செய்வதும், வளரும் குழந்தைக்கு மருத்துவக் கண்காணிப்பில் கொடுப்பதும் வேறு வேறு.

செலவு இடிக்கும். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நெய்யும் கறியும் அப்படிக் கிடைக்காது. பள்ளியும் ஒரு சவால். மதுரை சிம்மக்கல்லில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என எல்லாமே மாவுச்சத்து. பசித்த பிள்ளைகளுக்கு அது வரம். இந்தப் பிள்ளைக்கு ஆகாது. மதிய உணவில் வரும் முட்டையை மட்டும் சாப்பிடலாம். சத்துணவு அமைப்பாளருக்கும் ஆசிரியருக்கும் விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும். வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள் என்று ஒரு சாக்லேட், கோயிலில் ஒரு கை சர்க்கரைப் பொங்கல், பாசத்தில் அப்பத்தா ஊட்டும் ஒரு வாய்ச் சோறு. அன்றைக்கே கீட்டோன் இறங்கிவிடலாம்.

எங்கே கவனம் தவறக் கூடாது

இதை வீட்டில் தாமாகத் தொடங்கக் கூடாது. காரணம் நம் குடும்ப அமைப்பிலேயே இருக்கிறது. கொழுப்பை எரிக்கும் நொதிகள் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு இந்த உணவு உயிருக்கே ஆபத்து. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் அந்தக் குறை வெளிப்படும். அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் முடிக்கும் திருமணங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட திருமணங்கள் மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆகவே தொடங்குமுன் இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் கட்டாயம்.

தொடங்கிய பின் வரும் தொல்லைகளில் முதலாவது மலச்சிக்கல். வாந்தி, இரத்தத்தில் அமிலம் கூடுதல், கொழுப்பு அளவு ஏறுதல், வளர்ச்சி மந்தம் ஆகியவையும் வரலாம். நூற்றில் ஐந்தாறு குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் வரக்கூடும்; பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்தால் அது வெகுவாகக் குறையும். கரிசல் வெயிலில் பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா என்று தனியாகக் கவனிக்க வேண்டும். சத்து மாத்திரையும் கால்சியமும் சேர்த்தே தர வேண்டும்.

ஒளிந்திருக்கும் சர்க்கரை இன்னொன்று. இனிப்பு சிரப்பாக வரும் வலிப்பு மருந்தையே முடிந்தவரை மாத்திரையாக மாற்றச் சொல்கிறார்கள். காய்ச்சல், பேதி என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனால் குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். ஐந்து விழுக்காட்டு குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. அட்கின்ஸ் முறையில் ஒரு நாள் முழுக்க அனுமதிப்பதைவிட அதிகம். சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கினாலொழிய வெறும் உப்புநீர் போதும். இதை ஒரு சீட்டில் எழுதி வாங்கி, எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுவது நல்லது. உணவு பலிக்கிறது என்று வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

காலமெல்லாம் இப்படியே சாப்பிட வேண்டுமா? பெரும்பாலும் தேவையில்லை. மூன்று மாதம் சோதனைக் காலம். பலித்தால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, பிறகு மெல்ல மெல்லச் சோற்றுக்குத் திரும்பலாம். வலிப்பு முழுதாக நின்று, பின்னர் உணவை நிறுத்திய குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு வலிப்பு திரும்பவில்லை என்று ஹாப்கின்ஸின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. குளூட்-1 குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் நெடுங்காலம் தொடர வேண்டியிருக்கும்.

முப்பது கிலோமீட்டர்

காரியாபட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர், நான்குவழிச் சாலை. விருதுநகரில் 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது; அதன் நோய்ப் பட்டியலில் வலிப்பும் உண்டு. ஆக, பிள்ளையைக் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது, அனுப்ப இடம் இருக்கிறது. விட்டுப்போன கண்ணி, அரிசியைத் தவிர வேறு அறியாத தட்டை மாற்றியமைத்துக் கொடுத்து, அடுத்த வாரம் தொலைபேசியில் "பிள்ளை என்ன சாப்பிட்டான்? வெளிக்குப் போனானா? கீட்டோன் எவ்வளவு?" என்று கேட்கும் உணவியல் நிபுணர். எய்ம்ஸ் ஆய்வுகளின் வெற்றிக்குப் பின்னால் நின்றது அந்த ஆள்தான். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. வலிப்புக்கென்று வாரம் ஒரு நாள், பயிற்சி பெற்ற ஒருவர், கரிசல் சமையலை அறிந்து தமிழில் அச்சிட்ட ஒரு பட்டியல், வாங்க முடியாத வீடுகளுக்கு எண்ணெயும் முட்டையும் கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டைகளும். மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி என்று பெருமைப்படும் மாநிலத்தால் இதைச் செய்ய முடியும், செய்ய வேண்டும்.

அதுவரை பெற்றோர் இன்றைக்கே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. உணவுமுறையைப் பற்றிப் பேசுமுன் எந்த நிபுணரும் கேட்பது ஒரு மாதக் கணக்கு. பிள்ளையின் பழைய பள்ளி நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், எந்தக் கை இழுத்தது, எத்தனை நிமிடம், அன்று மாத்திரை தவறியதா என்று ஒவ்வொரு வலிப்பையும் ஒரு வரியில் குறிக்க வேண்டும். எழுதத் தெரியாத தாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டாலும் கணக்கு கணக்குதான். உணவு தொடங்கி மூன்றாம் மாதம் அந்த நோட்டை மருத்துவர் முன் விரிக்கும்போது, பழைய மாதத்தின் கோடுகளையும் புதிய மாதத்தின் கோடுகளையும் எண்ணிப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளையின் தட்டில் மறுபடி சோறு வைப்பதா, இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பதா என்று தீர்மானிப்பார்கள்.